மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

அது என் இருபத்தேழாவது வெளிநாட்டுப் பயணம். இரண்டு பாஸ்போர்ட் தீர்ந்து மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தது. காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் வந்து 'ஃபாரின் பாய்' என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டிவிடும். கண்காட்சிகளுக்குப் பட்டுப் புடவை எடுத்துக்கொண்டு போவது என் தொழில்.

ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாரும் பனியைப் பற்றிக் கேட்பார்கள், கடலுக்கடியில் ஓடும் ரயிலைப் பற்றிக் கேட்பார்கள். நானும் சலிக்காமல் சொல்வேன். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு ஒரு நாடு சொல்லி முடிப்பதற்குள் பிரியாணி ஆறிப்போயிருக்கும். ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் எனக்கு மிக நன்றாக நினைவில் நிற்பது வேறு. குடியேற்றப் பரிசோதனைக் கவுண்டருக்கு நாலடி முன்னால் தரையில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கோடு. கூப்பிடும்வரை அதைத் தாண்டக் கூடாது. அந்தக் கோட்டின் முன் நிற்கும்போது இன்றைக்கும் என் உள்ளங்கை வேர்க்கும்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு விமான நிலையத்தில் என்னை வரிசையிலிருந்து தனியே அழைத்துக்கொண்டு போனார்கள். மொஹசின் என்ற பெயருள்ள வேறு யாரையோ தேடிக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஐந்து மணி நேரம் ஒரு அறையில் வைத்திருந்தார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை, கேட்டபோது தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். ஒரே கேள்விகளை மூன்று பேர் மாறி மாறி வந்து கேட்டார்கள். மூன்றாவது முறை என் அப்பா பெயரைச் சொல்லும்போது எனக்கே அது பொய் மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு எந்தக் காகிதத்தையும் நான் வீட்டில் மறந்துவிட்டுப் போனதில்லை.

இந்தப் பயணத்தில் என்னோடு சுகாசினி வந்தாள். எங்கள் தறிக்கூடத்தில் பாவு பிணைப்பவள். தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்தொகுதிதான் பாவு. ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதன் கடைசி நூல்களோடு புதுப் பாவின் நூல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்க வேண்டும். ஒரு பாவுக்கு நாலாயிரத்துக்கு மேல் இழை. சாம்பலைத் தொட்டுக்கொண்டு, கட்டை விரலுக்கும் மற்ற இரண்டு விரலுக்கும் நடுவில் வைத்து ஒரே உருட்டு. கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்வதற்குள் அடுத்த இழைக்குப் போயிருப்பாள். வெளிநாட்டுக் கண்காட்சிக் கடையில் அவளை ஒரு சின்னச் சட்டத்தின் முன் உட்கார வைத்தால் கூட்டம் கூடிவிடும். அதற்காகவே இரண்டு தடவை கூட்டிக்கொண்டு போயிருந்தேன். இது மூன்றாவது.

அவளுக்குச் செவிலிமேட்டில் வீடு. கணவர் சாமுவேல் வாலாஜாபாத் அரிசி ஆலையில் லாரி ஓட்டுகிறார். மகள் திரிஷா ஏனாத்தூரில் கல்லூரி படிக்கிறாள்.

கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு சுகாசினி வேலைக்குத் தாமதமாக வந்தாள். ஆவணி முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு வாரத்தில் மட்டும் அவளிடம் ஏழு பாவு கொடுத்திருந்தேன். எட்டாவது காத்திருந்தது.

"ரேஷன் கடையில நிறுத்திட்டாங்க பாய்" என்றாள். "மிஷின் என் விரல எடுக்க மாட்டேங்குது. கடைக்கார வேல்முருகன் சொல்றான், தலையில நல்லா தேச்சுட்டு வையிக்கா, எண்ணப்பசை இருந்தா எடுக்கும்னு. நாலு தடவ தேச்சு வெச்சேன். அஞ்சாவது தடவ எடுத்துச்சு."

"கைய காட்டு."

காட்டினாள். கட்டை விரல் நுனி தேய்ந்த சோப்பு மாதிரி வழுவழுப்பாக இருந்தது.

"ரேகையே இல்லியாம் எனக்கு. கைரேகை ஜோசியக்காரன்கிட்ட போனா, எழுந்து போம்மான்னு துரத்திடுவான்" என்று சிரித்தாள். தறியில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு எட்டாவது பாவைக் கொடுத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சுகாசினியின் விசா விண்ணப்பத்தில் பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் 'சுற்றுலா' என்று எழுதியது நான். கண்காட்சியில் வேலை செய்து காட்ட வருகிறவர்களுக்கு வேறு விசா இருக்கிறது. அதற்கு மூன்று மாதம் அலைய வேண்டும். எங்கள் தொழிலில் பலரும் சுற்றுலா என்றுதான் எழுதுகிறார்கள். இருவரும் தனித்தனியாக வருவதாக விண்ணப்பம். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் காட்டும் காகிதம் ஒன்றுகூட இல்லை. அப்படித்தான் ஏற்பாடு செய்திருந்தேன்.

அவளுக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"எதுக்கு வந்தேன்னு கேட்டா?"

"சுத்திப் பாக்க வந்தேன்."

"இன்னா வேல செய்றே?"

"வீட்டு வேல. அது பொய் இல்ல பாய், அதுக்குத்தான் ஒருத்தனும் விசா குடுக்க மாட்டேங்குறான்."

"கூட யாரு வந்துருக்காங்க?"

"யாருமில்ல."

"கவுண்டர்கிட்ட என்னப் பாக்கவே கூடாது. என்ன ஆனாலும் என் பேரச் சொல்லக் கூடாது."

"சரிபா சரிபா. நீங்க யாரு, எனக்குத் தெரியாது."

எந்த நாடு என்பதை எழுதப் போவதில்லை. அங்கிருந்தவர்கள் அவர்கள் வேலையைத்தான் செய்தார்கள்.

காலை ஒன்பது மணிக்குப் பெரிய கூடத்தில் நின்றோம். எனக்கும் அவளுக்கும் நடுவில் பத்துப் பேர். என் முறை வந்தது. இரண்டு ஆள்காட்டி விரலையும் கண்ணாடியில் வைத்தேன், பச்சை விளக்கு எரிந்தது, முத்திரை விழுந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கவுண்டரைத் தாண்டிப் போய்க் காத்திருந்து, அவள் முறை வந்ததும் செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டு திரும்பிப் பார்த்தேன்.

சுகாசினி வலது ஆள்காட்டி விரலை வைத்தாள். சிவப்பு. இடது விரல். சிவப்பு. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே நாட்டுக்கு வந்தபோது அவளுடைய பத்து விரல்களையும் பதிவு செய்திருந்தார்கள். அப்போது ஒரு தொந்தரவும் இல்லை. மஞ்சள் காமாலை வந்து மூன்று மாதம் பாவைத் தொடாமல் வீட்டில் கிடந்து எழுந்து வந்திருந்தாள். ரேகை வளர்ந்திருந்தது. இந்தக் கணக்கெல்லாம் அந்த நிமிடத்தில்தான் என் தலையில் ஓடியது.

கவுண்டரில் இருந்த இளைஞன் மறுபடி வைக்கும்படி சைகை காட்டினான். அவள் வைத்தாள். சிவப்பு. அப்போது அவள் சட்டென்று விரலை எடுத்துத் தன் தலை வகிட்டில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். தேய்த்துவிட்டுக் கண்ணாடியில் வைத்தாள். எண்ணெய்த் தடம் கண்ணாடியில் பளபளத்திருக்க வேண்டும். இளைஞன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தான்.

ஒரு முறை நாடு கடத்தப்பட்டவர்கள் விரல் நுனியை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டும், அமிலத்தில் சுட்டுக்கொண்டும், வேறொருவர் பாஸ்போர்ட்டில் திரும்பி வருவதைப் பத்திரிகையில் படித்திருக்கிறேன். அந்த இளைஞன் கண்ணில் என்ன பட்டது என்று எனக்குத் தெரிந்தது. பதிவில் இருக்கும் ரேகையோடு ஒத்துப்போகாத ஒரு பெண். விரலில் தோல் தேய்க்கப்பட்டிருக்கிறது. கருவியின் மேல் எதையோ பூசுகிறாள்.

சீருடையில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அவள் கைப்பையை வாங்கிக்கொண்டார். சுகாசினி திரும்பினாள். கூடம் முழுவதையும் ஒரு தடவை பார்த்தாள். அவள் கண் என்மேல் வந்தது, நிற்காமல் தாண்டிப் போனது. நான் சொல்லிக் கொடுத்தபடியே.

பக்கவாட்டில் ஒரு கதவு திறந்து மூடியது.

பெட்டிகள் வரும் பட்டைக்குப் போனேன். என் இரண்டு பெட்டியும் வந்தன, அவளுடைய நீலப் பையும் வந்தது. நீலப் பையைத் தொடலாமா என்று தெரியவில்லை. அது மூன்று சுற்றுச் சுற்றி வந்தது. யாராவது என்னைக் கவனிக்கிறார்களா என்று கூரையில் இருந்த கேமராக்களைப் பார்த்தேன். பிறகு கேமராவைப் பார்ப்பது சந்தேகம் தரும் என்று தோன்றித் தரையைப் பார்த்தேன்.

நான் உள்ளே போய், அவள் விரல் ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி, பாவு பிணைப்பவள் இங்கே எதற்கு வந்தாள் என்பது. அதற்கு அடுத்த கேள்வி, சுற்றுலா என்று எழுதியது யார் என்பது. என் பெயரில் ஒரு பொய் பதிவாகும். இனி எந்த நாட்டின் படிவத்திலும் 'உங்களுக்கு எப்போதாவது அனுமதி மறுக்கப்பட்டதா' என்ற கேள்விக்கு ஆமாம் என்று எழுத வேண்டும். மொஹசின் என்ற பெயரோடு அதையும் எழுதிவிட்டு, எந்த மஞ்சள் கோட்டின் முன்னால் போய் நிற்பது?

போகாவிட்டால் அவளைத் திருப்பி அனுப்புவார்கள், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவ்வளவுதான் இல்லை என்பது தெரியும். ஆள் மாறாட்டம் என்றால் போலீஸ், வழக்கு, காவல்.

போன் அடித்தது. காஞ்சிபுரத்திலிருந்து என் மனைவி நிக்கத்.

"இறங்கிட்டீங்களா ஜி? சாமுவேல் ரெண்டு வாட்டி போன் பண்ணிட்டாரு. அவ போன் எடுக்க மாட்டேங்குறாளாம்."

"ப்ளைட் லேட்டுன்னு சொல்லு."

"லேட்டா?"

"இல்ல."

போனில் அவளுக்குப் பின்னால் எங்கள் தறிகளின் சத்தம் கேட்டது.

"அவ எங்க?"

"உள்ள. கை ரேகை எடுக்கல. கூட்டிக்கினு போயிட்டாங்க."

"அல்லா! நீங்க எங்க இருக்கீங்க?"

"வெளிய. பெட்டிகிட்ட."

"அவ உள்ள இருக்குறா, நீங்க எதுக்கு ஜி வெளிய இருக்கீங்க?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகவே இருந்தது.

நீலப் பையையும் எடுத்து வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வெளி வாசலுக்குப் போனேன். தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு. கிட்டே போனதும் திறந்தது. வெளியே எங்கள் கண்காட்சிக்காரர் அனுப்பிய ஆள் என் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். நான் ஒரு அடி பின்னால் வைத்தேன், கதவு மூடியது. மறுபடி முன்னால் போனேன், திறந்தது. எத்தனை முறை இப்படிச் செய்தேன் என்று நினைவில்லை. பின்னால் வந்த ஒரு அம்மாள் தன் மொழியில் என்னவோ திட்டிவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டு போனாள்.

அந்த அறையில் கேள்விகள் எப்படி வரும் என்பது எனக்குத் தெரியும். எதற்கு வந்தாய்? சுற்றிப் பார்க்க வந்தேன். விரலுக்கு என்ன ஆனது? அதற்கு அவளிடம் பதில் இருக்கிறது, ஆனால் சொல்ல முடியாது. சொன்னால் வேலை தெரிந்துவிடும். வேலை தெரிந்தால் நான் தெரிந்துவிடுவேன். ஆகவே மறுபடி, சுற்றிப் பார்க்க வந்தேன். ஒவ்வொரு தடவையும் அது அவளுக்கே எதிராகத் திரும்பும். அவளும் நிறுத்த மாட்டாள். அவ்வளவு நன்றாகப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

வண்டியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே திரும்பினேன். தடுப்புக்குப் பக்கத்தில் நின்ற காவலர் கையை நீட்டி மறித்தார். வெளியே போகிறவர்களுக்கு மட்டும்தான் வழி.

"உள்ளே ஒரு பெண்ணை வைத்திருக்கிறீர்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "அவளைப் பற்றித் தெரிந்தவன் நான்."

பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கதவு திறந்தது.

சுகாசினி ஒரு மேஜையின் முன்னால், இரண்டு உள்ளங்கையும் மேலே பார்க்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையை அப்படியே வைக்கச் சொல்லியிருப்பார்கள் போல. எதிரில் ஐம்பது வயதுப் பெண் அதிகாரி. மேஜை மேல் ஒரு தொலைபேசி ஒலிபெருக்கியில் இருந்தது. மொழிபெயர்ப்பவர் எங்கிருந்தோ ஈழத் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்.

"அம்மா, விரலில என்ன பூசினனீங்கள் எண்டு திரும்பவும் கேக்கினம்."

"எண்ணங்க. தலைக்கு வெச்ச எண்ண. ரேஷன் கடையில இப்படித்தான் வெப்போம்."

"ரேஷன் கடையிலயோ?" அந்தக் குரல் தடுமாறியது. அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று யோசித்திருப்பார்.

அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள். பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதிகாரி அதைக் கவனித்தார்.

"இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமோ எண்டு கேக்கினம்."

"தெரியாது" என்றாள் சுகாசினி.

"தெரியும்" என்றேன் நான்.

உட்காரச் சொன்னார்கள். பாவு என்றால் என்ன, பிணைப்பது எப்படி, ஒரு நாளைக்கு எத்தனை இழை என்று சொன்னேன். இரண்டு வாரத்தில் எட்டுப் பாவு நான் கொடுத்ததையும் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டே போனார். நம்புகிறாரா என்று தெரியவில்லை.

"எந்த விரல்களை வைத்துப் பார்த்தீர்கள்?" என்று கேட்டேன்.

ஆள்காட்டி விரல் இரண்டும், கட்டை விரல் இரண்டும்.

"நூல் அந்த விரல்களிலும் நடு விரலிலும்தான் உராயும். சுண்டு விரல் நூலைத் தொடவே தொடாது. போன தடவை பத்து விரலும் எடுத்தீர்கள். சுண்டு விரலை வைத்துப் பாருங்கள்."

அதிகாரி என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு சின்னக் கருவியை சுகாசினியின் பக்கம் நகர்த்தினார். அவள் இடது சுண்டு விரலை வைத்தாள். முதல் தடவை பதியவில்லை. அதிகாரி தானே அந்த விரலைப் பிடித்து அழுத்தினார்.

பச்சை.

வலது சுண்டு விரலும் பச்சை. திரையில் இரண்டு வருடத்துக்கு முந்தைய அவள் புகைப்படம் வந்தது, காமாலை தெளிந்த வெளிறிய முகம். சுகாசினி அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அதிகாரி பேனாவைக் கீழே வைக்கவில்லை. "அப்படியானால் இவர் உங்களிடம் வேலை செய்கிறவர். இங்கேயும் கண்காட்சியில் இதே வேலையைச் செய்யத்தான் வந்திருக்கிறார். சரியா?"

இல்லை, அவளுக்கு ஊர் காட்டத்தான் கூட்டி வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. தன்னைத் தானென்று காட்ட அவள் பட்ட பாட்டுக்குப் பிறகு, அதே பொய்யை மறுபடி அவள் தலையில் ஏற்றுவதாக இருக்கும்.

"ஆமாம். படிவத்தை நிரப்பியது நான். அவளுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது."

அன்று மதியமே எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஆள் மாறாட்டச் சந்தேகம் நீங்கியது என்று அவளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். சரியான விசாவோடு எப்போது வேண்டுமானாலும் வரலாம். எனக்கு ஐந்து வருடம் அந்த நாட்டில் நுழையத் தடை. பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை குத்தி, அதன் குறுக்கே இரண்டு கோடு போட்டிருந்தார்கள்.

விமானத்தில் எங்கள் இருக்கைகள் தனித்தனியாக இருந்தன. சென்னையில் இறங்கி வாடகைக் காரில் ஏறியபோது மாலை ஐந்தரை. வாலாஜாபாத் தாண்டியாயிற்று. நெல் மூட்டை ஏற்றிய ஒரு லாரிக்குப் பின்னால் கார் ஊர்ந்துகொண்டிருந்தபோது சுகாசினி என் பக்கம் திரும்பினாள்.

"பாய், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளும்மா."

"என்ன உள்ள கூட்டிக்கினு போனப்ப ஒம்போது இருவது. நீங்க வந்தப்ப பத்து. செவுத்துல கடியாரம் இருந்துச்சு, அதத்தான் பாத்துக்கினு இருந்தேன். அந்த நாப்பது நிமிஷம் எங்க இருந்தீங்க?"

காவலர் விடவில்லை, பெட்டி வரத் தாமதம், எந்த அறை என்று தெரியவில்லை. பதில்கள் வரிசையாக வந்தன.

"கதவுகிட்ட நின்னுக்கினு இருந்தேன்."

"எந்தக் கதவு?"

"வெளிய போற கதவு."

ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டுப் பார்வையைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டார்.

"பயந்துட்டீங்களா?"

"ஆமாம்மா. ரொம்ப."

"எனக்கும்தான். என் பொண்ணு பொறந்த தேதியக் கேட்டாங்க பாய், ஞாபகத்துக்கே வரல. வீட்டு நம்பர் வரல. ஒங்க பேரு மட்டும் நல்லா ஞாபகம் இருந்துச்சு. சொல்லக் கூடாதுன்றதும் ஞாபகம் இருந்துச்சு."

செவிலிமேடு நிறுத்தத்தில் சாமுவேல் காத்திருந்தார். விஷயம் எதுவும் அவருக்குத் தெரியாது. கண்காட்சி ரத்து என்று நிக்கத் சொல்லியிருந்தாள். கார் நின்றதும் நீலப் பையை எடுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார்.

சுகாசினி கதவைத் திறந்தாள், ஆனால் இறங்கவில்லை. "நீங்களே சொல்லுங்க பாய். நான் சொன்னா, போவட்டும் விடுன்னு பாதிய முழுங்கிடுவேன். அந்த நாப்பது நிமிஷத்தையும் சேத்து சொல்லுங்க. அதுக்கப்புறம்தான் நாளைக்கி வேலைக்கி வர்றதா வாணாமான்னு அவரும் நானும் பேசணும்."

நான் இறங்கினேன். சாமுவேல் பெரிய ஆள், லாரி ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து உரமேறிய தோள்.

"இன்னா பாய், போன ஒடனே திரும்பிட்டீங்க? ஊரு புடிக்கலியா?"

டவுன் பஸ் ஒன்று வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அது போகும்வரை காத்திருந்தேன். அந்தக் கூடத்தில் நின்றபோது வேர்த்தது போலவே கை வேர்த்திருந்தது. சுகாசினி காரைவிட்டு இறங்கி வந்து கணவர் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"சாமுவேல்" என்றேன், "மொதல்ல அந்த விசா பாரத்துலேர்ந்து ஆரம்பிக்கிறேன்."